படுத்த கோடு திருவானைக்காவல், நின்ற கோடு ஸ்ரீரங்கம்

கண் தெரியாமல் மூன்று வருஷம் நான் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் போய்த் திரும்பும் தனியார் பஸ் அது. நோட்டின் நீளத்தைத் தடவினால் எத்தனை ரூபாய் என்று விரல் சொல்லிவிடும். காற்று சட்டென்று குளிர்ந்தால் காவிரிப் பாலம். ஜனங்கள் மொத்தமாக எழுந்து என் காலை மிதித்தால் கடைசி ஸ்டாப். டிரைவர் பாலு ஓய்வு பெற்ற நாளில் என் காதோடு ஒரு விஷயம் சொன்னான். அவனுக்கும் இடது கண் சுத்தமாகத் தெரியாதாம். வலது கண்ணில் பாதி தெரியுமாம். ஆக, அறுபது பேர் ஏறிய பஸ்ஸில் ஊழியர்கள் இருவருக்கும் சேர்த்து அரைக் கண் இருந்தது. அந்த அரைக் கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒரு தடவை ஒரு கோழி எங்களை வந்து இடித்தது. தப்பு அதன் மேல்தான் என்று கோழிக்காரரே ஒப்புக்கொண்டார்.

எனக்கு வந்த வியாதிக்கு நீளமான பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மிச்சப் பார்வையும் போய்விடும். முதலில் மாலைக்கண். பிறகு பக்கவாட்டில் இருட்டு. பிறகு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் ஒரு வட்டம். கடைசியில் அந்த வட்டத்தையும் யாரோ ஊதி அணைத்துவிட்டார்கள். நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உறையூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காததையெல்லாம் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இருந்தது. பக்கத்துக் கடை டெய்லர் மன்சூர் எதை வேண்டுமானாலும் கேட்பார். கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல பாதி தள்ளுபடி உண்டா?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆள் தேடினார்கள். விழித்திரையில் சின்னத் தகடு வைத்துப் பார்வை வருகிறதா என்று சோதிக்கப் போகிறார்களாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் ஆகாதாம். ஒரு காலத்தில் நன்றாகப் பார்த்து, அப்புறம் பார்வையை இழந்தவர்தான் வேண்டுமாம். என் மனைவி ஜோதிக்கு யோசனையாக இருந்தது.

"பார்க்காததையே இவ்வளவு சொல்றீங்க. பார்த்தா ஊரு தாங்குமா?" என்றாள்.

ஆனால் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

தகடு விரல் நகத்தைவிடச் சின்னது. அதைக் கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒட்டிவிட்டார்கள். அது தானாக எதையும் பார்க்காது. வெளியே ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அதன் மூக்குப் பாலத்தில் ஒரு குட்டிக் கேமரா. கேமரா பார்ப்பதை ஒயர் வழியாக இடுப்பில் தொங்கும் ஒரு பெட்டி வாங்கி, புள்ளி புள்ளியாக மாற்றித் தகட்டுக்கு அனுப்பும். பெட்டியைத் தோளில் வாரோடு மாட்டிவிட்டார்கள். என் பழைய கண்டக்டர் பை தொங்கிய அதே இடம். கை தானாக உள்ளே சில்லறை தேடியது.

புண் ஆறி, முதல் முதலாகப் பெட்டியைப் போட்டுவிட்ட அன்றைக்கு என் எதிரே பவித்ரா உட்கார்ந்திருந்தாள். இந்தச் சோதனைகளை நடத்துகிற டாக்டர் அவள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன்.

"ஐயா, ஏதாவது தெரியுதுங்களா?"

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் குதிக்குமே, அப்படிச் சில புள்ளிகள் குதித்தன. மஞ்சளும் வெள்ளையுமாக. பத்து விநாடி குதித்துவிட்டு ஒரே இடத்தில் நின்றன. பவித்ரா ஒரு வெள்ளைக் காகிதத்தை இடமும் வலமுமாக அசைத்தாளாம். புள்ளிகளும் இடமும் வலமுமாகப் போயின.

எத்தனையோ வருஷமாகக் கறுப்பைத் தவிர எதுவும் நுழையாத இடத்தில் ஏதோ ஒன்று நடமாடியது. நான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. ஜோதி பயந்துபோய் என் முதுகில் தட்டினாள்.

சிக்கல் அதற்கப்புறம் தொடங்கியது.

கறுப்புத் திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். சில சமயம் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். சில சமயம் எதுவும் வராது. மணி அடித்ததும் நான் இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. எல்.கே.ஜி. பிள்ளை பாஸ் செய்துவிடும்.

மணி அடித்தது.

"இருக்கு," என்றேன்.

மறுபடி மணி. "இருக்கு." மறுபடி மணி. "இருக்கு, இருக்கு."

சாயங்காலம் பவித்ரா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, கடைசியா ஒன்னு சொன்னீங்களே, அதுல என்ன தெரிஞ்சுச்சு?"

அக்கறையாகக் கேட்கிற பெண்ணிடம் மொட்டையாகப் பதில் சொல்ல முடியுமா? "ஒரு மாடு," என்றேன். "செவலை. கொம்புல பெயிண்ட் அடிச்சிருக்கு. பச்சை."

"அப்ப திரையில ஒன்னுமே இல்லைங்கய்யா."

"சின்ன மாடா இருக்கும்மா."

பவித்ரா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் நான் பார்த்த வேலையில் இல்லை என்ற சொல்லே கிடையாது. சத்திரத்தில் பஸ் கிளம்பும்போது படிக்கட்டில் நாலு பேர் தொங்குவார்கள். கீழே நிற்கும் அம்மா, "இடம் இருக்கா?" என்பார். "இருக்கு இருக்கு, ஏறுங்க, உள்ள காலியா இருக்கு," என்பேன். எந்தக் கண்டக்டரும் அப்படித்தான் சொல்வான். அந்த அம்மா ஏறுவார், இடமும் எப்படியோ உண்டாகிவிடும். ஒரு தடவை பதினோரு பேர் கொண்ட கல்யாணக் கோஷ்டியை அப்படி ஏற்றி, மாப்பிள்ளையை டிரைவர் மடியில் உட்கார வைத்தோம். மாம்பழச்சாலை வரைக்கும் அவர்தான் ஹார்ன் அடித்தார். இல்லை என்று சொல்லி ஒரு மனிதரை ரோட்டில் நிறுத்துவது பாவம் என்று என் உடம்பு முழுக்க ஊறிக் கிடந்தது. இந்தச் சின்னப் பெண் அவ்வளவு பாடுபட்டு மணியடித்து, "இருக்குங்களா?" என்று எதிர்பார்ப்போடு கேட்கிறாள். எப்படி இல்லை என்பது?

கோடுகளின் பரீட்சை மட்டும் எனக்கு நன்றாக வந்தது. திரையில் மூன்று வெள்ளைக் கோடுகள் வரும். சில நேரம் படுத்திருக்கும், சில நேரம் நிற்கும். எது என்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியைச் செய்த இன்ஜினீயர் ஆஷ்லி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். வெளியூர்ப் பையன்.

முதல் முறை புள்ளிகள் தடுமாறி, பிறகு வரிசையாகச் சேர்ந்தன. பார்த்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது.

"திருவானைக்காவல்," என்றேன்.

அடுத்தது வந்தது. "ஸ்ரீரங்கம்." அடுத்தது. "ஸ்ரீரங்கம்." அடுத்தது. "திருவானைக்காவல்."

ஆஷ்லி மைக்கில் வந்தான். "மேடம், பேஷன்ட்டுக்குக் குழப்பமா இருக்கு போல. பஸ் ரூட் சொல்லிட்டிருக்கார்."

பவித்ராவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். "ஆஷ்லி, அவர் கரெக்டா சொல்றார். எல்லாமே கரெக்ட்."

"எப்படி மேடம்?"

"திருவானைக்காவல் சிவன் கோயில். நெத்தியில விபூதிப் பட்டை படுத்திருக்கும். ஸ்ரீரங்கம் பெருமாள் கோயில். நாமம் நிக்கும்."

நான் என்ன செய்வேன்? புள்ளிகள் மூன்று கோடாகச் சேர்ந்ததும் எனக்கு நெற்றிகள்தான் தெரிந்தன. பட்டை போட்ட நெற்றி ஏறினால் எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்கவே மாட்டேன், திருவானைக்காவலுக்குக் கிழித்துக் கொடுத்துவிடுவேன். ஆஷ்லி அதைச் சோதிக்க நினைத்துக் கோடுகளைச் சாய்த்துவிட்டான்.

"இது?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "இது மாம்பழச்சாலை. இங்கதான் ரோடு பிரியுது. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கறாரு."

அன்றிலிருந்து ஆஷ்லி தன் கம்ப்யூட்டரில் மூன்று பட்டன்களுக்கும் அந்த ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டான்.

கோட்டில் பாஸ் செய்து என்ன புண்ணியம்? ஒரு நாள் பவித்ரா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"ஐயா, ஒளிக்காம சொல்லிடறேன். சென்னையிலேர்ந்து ஒரு குழு வருது. அவங்க பார்க்கப்போற முக்கியமான விஷயம் ஒன்னுதான். திரையில இருக்கறப்ப இருக்குன்னும், இல்லாதப்ப இல்லைன்னும் நீங்க சொல்லணும். நீங்க எல்லாத்துக்கும் இருக்குன்னு சொன்னா, நிஜமாவே தெரியுதா, எங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்களான்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியலைங்கய்யா."

"தெரியலைன்னா?"

"உங்களைச் சோதனையிலேர்ந்து எடுத்துடுவாங்க. கண்ணாடியும் பெட்டியும் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

தகடு கண்ணுக்குள்ளேயே இருக்குமாம். ஆனால் பெட்டி இல்லாத தகடு, பஸ் இல்லாத டிக்கெட் மாதிரி.

ஜோதி சொன்னாள்: "டாக்டரம்மா, எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சோத்துல உப்பே போடாம வச்சாக்கூட உப்பு இருக்கான்னு கேட்டா இருக்கும்பாரு. இவரு வாயில அந்த வார்த்தை வராதுங்க."

"வரவழைக்கணும்மா," என்றாள் பவித்ரா.

அன்றைக்கு வீடு திரும்பும் வரை நான் ஒரு கதையும் சொல்லவில்லை. பெட்டி மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இருட்டிலேயே இருந்தவனுக்கு இருட்டு பெரிய விஷயமில்லை. நடுவில் அந்த நாலு புள்ளிகளைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் தாங்க முடியாது.

மறுநாளே வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. மன்சூர் தன் கடையிலிருந்து வக்கீல் கோட் தைக்கிற கறுப்புத் துணியில் ஒரு பெரிய துண்டு கொண்டுவந்து சுவரில் அடித்தார். அதற்கு முன்னால் ஜோதி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைத் தூக்கிக் காட்டுவாள். அல்லது காட்டமாட்டாள். நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒன்றுகூடத் தப்பில்லை. ஜோதி பூரித்துப்போனாள். மன்சூர் மட்டும் சந்தேகத்தோடு எழுந்து வந்தார்.

"தங்கச்சி, தட்டைத் தூக்காம கையை மட்டும் தூக்கும்மா."

அவள் தூக்கினாள்.

"இருக்கு," என்றேன்.

"அண்ணே! வளையல் சத்தத்தை வச்சுச் சொல்றீங்களா? கண்ணைத் திறக்கச் சொன்னா காதைத் திறந்து வச்சிருக்கீங்க!"

எனக்கே தெரியாமல் காது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஓய்வு கொடுத்து ரொம்ப வருஷமாகிவிட்டது. வளையலைக் கழற்ற மாட்டேன் என்றாள் ஜோதி. புருஷன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கழற்றுவாளா? கடைசியில் இரண்டு கையிலும் ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அப்போது பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள், ஜோதி கையைச் சுட்டுக்கொண்டதாக நினைத்து வாழைக்குருத்து எடுத்துவர ஓடினாள்.

வளையல் ஓசை போனதும் நான் மறுபடி எல்லாவற்றுக்கும் இருக்கு போட ஆரம்பித்தேன். ஜோதி ஒரு தண்டனை வைத்தாள். தட்டு இல்லாதபோது இருக்கு என்றால் அடுத்த காபியில் சர்க்கரை கிடையாது. அந்த வாரம் நான் குடித்த காபியைக் கசாயக் கடையில் வைத்து விற்கலாம்.

"அண்ணே, இல்லைன்னு சும்மா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. வாய் வெந்துடாது," என்றார் மன்சூர்.

"இ..." என்றேன்.

"ம்ம், வருது, வருது."

"இ... இடிச்சிக்கிட்டு நின்னா ஒருத்தர் நிக்கலாம்."

"அல்லாவே," என்று மன்சூர் உட்கார்ந்துவிட்டார்.

அவரேதான் வழியும் கண்டுபிடித்தார். "அண்ணே, பஸ்ஸு டெப்போவுக்குப் போகுதுன்னு வைங்க. ஷெட்டுக்குப் போற வண்டி. ஒருத்தர் இடம் இருக்கான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வண்டி போகாதும்பேன். ஏத்துனா அவரு கோயிலுக்குப் போகணும்னு ஏறி ஷெட்டுல போயி நிப்பாரு. பாவம்ல?"

"அதேதான். தட்டு இல்லாதப்ப வண்டி ஷெட்டுக்குப் போகுது. அந்த டாக்டர் பொண்ணை அதுல ஏத்திடாதீங்க."

அது எனக்குப் பிடிபட்டது. அன்று மாலை ஜோதி தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தபோது நான் வியர்த்துப்போய், "இல்லை," என்றேன். அவள் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். பீங்கான் என்பதால் அது மூன்றாகிவிட்டது. மறுநாள் முதல் எவர்சில்வர் தட்டில் படித்தேன்.

குழு வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியூர்க்காரர்கள் பசியோடு வருவார்கள் என்று ஜோதி விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, பெரிய தூக்கில் எடுத்துக்கொண்டாள். காலைக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் அவள் தூக்கோடு நின்றாள், ஆண்கள் பக்கம் நான் பெட்டியோடு நின்றேன். ஸ்ரீரங்கம் வரும் வரை சட்னி யார் மேலும் கொட்டவில்லை என்பதை இந்தக் கதையில் நீங்கள் நம்பினால் போதும். மற்றதெல்லாம் உண்மை.

குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் ஸஹ்ரா. கறாரான குரல். மற்ற இருவரில் ஒருவர் இருமினார், ஒருவர் பேனாவைச் சொடுக்கினார். அதனால்தான் இருவர் என்று தெரியும்.

"மேடம், ரெண்டு இட்லி," என்றாள் ஜோதி.

"பரீட்சை முடியட்டும்மா," என்றார் டாக்டர் ஸஹ்ரா.

என் காதைப் பற்றி அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் எந்த ஓசையும் எனக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்று பெட்டியின் பீப் சத்தங்களையெல்லாம் ஆஷ்லி நிறுத்திவிட்டான். பெட்டியைச் சட்டைக்குள் விட்டு, மேலே துண்டு போட்டு மூடினார்கள்.

முதலில் கோடுகள். திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமுமாகப் போய்வந்தேன். இருமியவர், "அருமை," என்றார். பட்டையும் நாமமும் அவருக்கும் பழக்கம் போல, ஊர் கும்பகோணமாக இருக்க வேண்டும்.

பிறகு கட்டம். மணி அடித்தது. புள்ளிகள் துள்ளின. "இருக்கு." மணி. கறுப்பு. வண்டி ஷெட்டுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். "இல்லை." பவித்ரா மூச்சு விடுவது கேட்டது. "இருக்கு." "இல்லை." "இல்லை." "இருக்கு." பரவாயில்லை, முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு பீங்கான் தட்டு செலவில் மாற்றிவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த மணிக்குக் கறுப்பு. "இல்லை," என்றேன். அதற்கடுத்தும் கறுப்பு. "இல்லை." அதற்கடுத்தும்.

"அம்மா, விளக்கு அணைஞ்ச மாதிரி இருக்கே," என்றேன்.

"இருக்கு, இல்லை, ரெண்டுல ஒன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் டாக்டர் ஸஹ்ரா.

மணி. கறுப்பு. "இல்லை." மணி. கறுப்பு. "இல்லை."

அறையில் ஏதோ மாறிவிட்டது. பேனா சொடுக்குவது நின்றது. இருமல் நின்றது. பவித்ராவின் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. இதெல்லாம் என் காதுக்குத் தப்புமா? திரையில் கட்டம் வந்திருக்கிறது, நான் தப்பாகச் சொல்கிறேன், அந்தப் பெண் அங்கே நெருப்பில் நிற்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கண் தேவையில்லை.

இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சரியாகவும் இருக்கும். காது அதைத்தான் சொல்லிக்கொடுத்தது. கண்ணாடி என்னோடு வீட்டுக்கு வரும். பவித்ராவுக்கும் நல்ல பெயர். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்து படிக்கட்டில் தொங்கியது.

ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லையே. அவள் கேட்டது, கண்ணில் என்ன தெரிகிறது என்பதைத்தான்.

மணி அடித்தது.

"இல்லைங்க," என்றேன். "மன்னிச்சுக்க பாப்பா. நெசமாவே இல்லை."

டாக்டர் ஸஹ்ரா விளக்கைப் போடச் சொன்னார். "கடைசிச் சுற்றில் திரையில் கட்டம் வந்த ஒரு தடவைகூட இவர் சொல்லவில்லை," என்று தன் ஆட்களிடம் சொன்னார். அவர்களிடம் மட்டும் அச்சடித்தது மாதிரி பேசுவார். நான் கண்ணாடியைக் கழற்றினேன். துண்டில் நன்றாகத் துடைத்து மேஜை மேல் வைத்தேன். அடுத்து வருபவருக்கு அழுக்குக் கண்ணாடி போகக்கூடாது.

தோளிலிருந்து பெட்டியைக் கழற்ற வந்த ஆஷ்லி அதைக் கையில் வாங்கியதும் நின்றான். தட்டினான். குலுக்கினான்.

"மேடம், இது செத்துப்போச்சு. பேட்டரியில சுத்தமா சார்ஜ் இல்ல. பீப் சத்தத்தை நிறுத்தி வச்சதால நமக்குத் தெரியல."

"காலையில சார்ஜ் போட்டீங்களாய்யா?" என்றாள் பவித்ரா.

"விடியறப்பவே மாட்டுனேனே. ராத்திரி பூரா கரண்ட் இல்ல, அஞ்சு மணிக்கு வந்ததும் அடுப்படியில மாட்டுனேன்."

பின்னாலிருந்து தூக்கின் மூடி கீழே விழுந்து உருண்டது.

"ஐயய்யோ," என்றாள் ஜோதி. "அந்த ஒயரைப் பிடுங்கிட்டுத்தானே நான் மிக்ஸியைப் போட்டேன்!"

சட்னி தேங்காய்ச் சட்னி. நன்றாகவே அரைபட்டிருந்தது.

 டாக்டர் ஸஹ்ரா என் பக்கம் திரும்பினார். குரல் வந்த திசையை வைத்துச் சொல்கிறேன்.

"உங்க காதைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நாங்க எல்லாரும் அமைதியானது உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சும்மா."

"அப்ப, இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"தெரியலையேம்மா. வண்டி ஷெட்டுக்குப் போயிட்டிருந்துச்சு."

அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் மேலே கேட்கவில்லை. புது பேட்டரி போட்டு அந்தச் சுற்றை முதலிலிருந்து நடத்தச் சொன்னார். கறுப்பு வந்தபோது இல்லை, புள்ளி வந்தபோது இருக்கு. ஒன்றிரண்டு தவறின, மனிதன்தானே. முடிந்ததும் அவர் தன் இரண்டு ஆட்களிடம் சொன்னார்: "இந்த மனிதர் நம்மைத் திருப்திப்படுத்தப் பேசுகிறார் என்றுதானே நமக்குச் சந்தேகம்? பெட்டி செத்த பிறகு நம்மைத் திருப்திப்படுத்த இவருக்கு வேண்டிய அளவு வாய்ப்பு இருந்தது. இதைவிட நல்ல சோதனையை நாமே யோசித்திருக்க முடியாது." பிறகு என்னிடம், "கண்ணாடியைப் போட்டுக்கங்க. அது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

பவித்ரா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கை ஈரமாக இருந்தது. எதைத் துடைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

"அம்மா, அந்த இட்லி?" என்றார் டாக்டர் ஸஹ்ரா.

மூன்று பேரும் சேர்ந்து இருபத்திரண்டு இட்லி சாப்பிட்டார்கள். இருமியவர் மட்டும் பதினாறு. நம்பாவிட்டால் போங்கள்.

எழுத்து வேலையெல்லாம் முடித்து எங்களை அனுப்ப நேரமாகிவிட்டது. ஆஷ்லி புள்ளிகளின் வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருந்தான். நாங்கள் பஸ் ஏறியபோது வெளியே இருட்டிவிட்டதாக ஜோதி சொன்னாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம், சன்னல் பக்கம் அவள்.

பாலத்தில் ஏறியதும் காற்று குளிர்ந்தது. ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று கேட்பதற்காகத் திரும்பினேன்.

சன்னலின் இருட்டுக்கு முன்னால், தலை உயரத்தில், புள்ளிகள் கொத்தாகக் குவிந்து நின்றன. இதுவரை நான் பார்த்த கோடு, கட்டம் எதுவும் இவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை. அவள் அசைந்தால் அதுவும் அசைந்தது.

"ஜோதி, தலை நிறையப் பூவா?"

வளையல் சத்தம் அவள் தலைப்பக்கம் போய் வந்தது. "ஆமாங்க. மல்லி," என்றாள்.

"எப்ப வாங்குன? நான் பக்கத்துலயேதான இருந்தேன்."

"வெள்ளிக்கிழமைல்ல, அதான்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று முன்பே சொன்னேன். மல்லிகை வாசமும் துளிகூட இல்லை. தேங்காய்ச் சட்னி வாசம்தான் இருந்தது.

எனக்குப் பார்வை போகும்போது அவள் தலை கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுச் சுவர்கள் வெள்ளை. வெள்ளைக்கு முன்னால் வெள்ளை தெரியாது. தட்டுப் பிடித்தபோதும் கறுப்புத் துணிக்கு ஓரமாகத்தான் நின்றாள்.

"காசு கொடுத்து வாங்கலைதானே?" என்றேன்.

"இல்ல," என்றாள். "தானா வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். முன் சீட்டில் யாரோ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், சீட்டுக் கம்பி முனகியது.

"நாளைக்கு டை வாங்கிட்டு வரேன்," என்றாள். "இவ்வளவு நாள் தெரியாம இருந்துச்சு. இப்பதான் உங்களுக்குக் கண்ணு வந்துருச்சே."

"வாங்கிடாத," என்றேன் அவசரமாக. "கறுப்படிச்சா எனக்கு நீ தெரியவே மாட்ட."

அவள் முந்தானையை எடுத்துத் தலையை மூடப் போனாள் போலிருக்கிறது. புள்ளிகள் பாதி மறைந்தன. பிறகு, என்ன நினைத்தாளோ, முந்தானையைத் தோளுக்கே இறக்கிவிட்டாள். பாலம் முடிந்து வெளிச்சமான கடைத்தெரு வரும் வரைக்கும் நான் அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.